சூடே ஆகாத வெந்நீர்

பி.ஏ. வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ தெரியாது. அவனை ஒரே ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியடில், என் வகுப்பில் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று பல வருஷம் ஆசைப்பட்டிருக்கிறேன். மோர் சாதம் வயிற்றில், வெயில் ஜன்னலில், நான் கரும்பலகையில். யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஆரணி ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கச் சேர்ந்திருந்தேன். பி.எஸ்சி. வகுப்புகளை மூத்தவர்கள் பங்கு போட்டுக்கொண்ட பிறகு மிஞ்சியது ‘பொது விஞ்ஞானம்’ என்கிற பேப்பர். வரலாறும் வணிகவியலும் படிக்கிறவர்கள் இதிலும் தேறினால்தான் பட்டம். கடைசியாக வந்தவள், அதுவும் பெண் என்பதால், அதை என் தலையில் கட்டினார்கள். “ஆர்ட்ஸ் பசங்கதானேம்மா, கதை மாதிரி சொல்லிட்டு வந்துடுங்க” என்றார் துறைத் தலைவர். கதை மாதிரிதான் சொன்னேன். கதை கேட்கவும் அங்கே ஆள் இல்லை.

பழக்கமில்லாத வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். எப்போது சாப்பாடு போட்டு அனுப்புவார்கள் என்கிற முகம். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று நான் தொண்டை வறளப் பேசி முடித்தால், பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்.

“மேடம், இது எக்ஸாமுக்கு வருமா?”

“வராது.”

“அப்ப இன்னாத்துக்கு மேடம் பேஜாரு? வுட்டுடுங்க.”

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வரலாற்று வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற ஒருவன் ஒரு நாள் எழுந்து நின்று, மிகவும் மரியாதையாக, “நீராவி எஞ்சினை எந்த வருஷம் கண்டுபிடிச்சாங்கன்னு கேளுங்க மேடம், சொல்றேன். அது எப்படி ஓடுதுன்னு மட்டும் கேக்காதீங்க” என்றான். வகுப்பே கைதட்டியது. தினமும் அதே எஞ்சின் இழுக்கிற வண்டியில்தான் அவன் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தான்.

இந்த வண்டி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்தது எல்லாம் இதனால்தான். எங்கள் மாணவர்கள் இரண்டு கட்சி. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பாசஞ்சர் ரயிலில் வருவார்கள். திருவள்ளூர்ப் பக்கத்தார் பெரியபாளையம், ஆரணி வழியாகப் பஸ்ஸில் வருவார்கள். ரயில்காரர்கள் சத்தம், பஸ்காரர்கள் தூக்கம். நானும் திருவள்ளூரிலிருந்து அதே பஸ்ஸில்தான் வந்தேன். நான் ஏறியதும் பஸ் கட்சி வாயை மூடிக்கொண்டு ஜன்னல் வழியாக வயலைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொது விஞ்ஞானத்துக்கு ஒரு செய்முறைத் தேர்வும் உண்டு. அதில் தனியாகத் தேற வேண்டும். நல்ல கருவிகளை ஆர்ட்ஸ் மாணவர்கள் கையில் கொடுக்கக் கூடாது என்று துறையில் எழுதாத சட்டம். அதனால் எங்களுக்கு விதித்தது ஒரே சோதனை, எல்லா வருஷமும் அதுவே: வெந்நீர் எப்படி ஆறுகிறது என்று பார்ப்பது. ஒரு பாத்திரத்தில் வெந்நீர், அதில் தெர்மாமீட்டர். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எத்தனை டிகிரி என்று பார்த்து எழுதி, கிராஃப் தாளில் கோடு போட வேண்டும். முதலில் வேகமாக ஆறும், போகப் போக மெதுவாக ஆறும். காபி குடிக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம். அதைக் கண்ணால் பார்த்து, பார்த்ததை எழுத வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

அட்டெண்டர் பின்கட்டில் மண்ணெண்ணெய் அடுப்பில் பெரிய தவலை நிறையத் தண்ணீர் காய்ச்சி, குவளையால் மொண்டு ஒவ்வொரு மேஜையாக ஊற்றுவார். நல்ல மனிதர். ஆனால் பந்தியில் பரிமாறுகிறவர்களின் கை அவருக்கு. குறைந்திருக்கிற பாத்திரத்தைக் கண்டால் பொறுக்காது, மறுபடி ஊற்றி நிரப்பிவிட்டுத்தான் போவார். சோதனை நடக்கும்போது ஊற்றாதீர்கள் என்று நான் கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். “பாதிதானேம்மா இருந்துச்சி” என்பார். 

கோடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்பது முதல் வருஷமே எனக்குப் பட்டது. பார்த்து எழுதுகிறார்கள் என்று நினைத்து மேஜைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். அப்போதும் அப்படியே. எண்பதில் தொடங்குகிற கோடு ஒன்று, எண்பத்திரண்டில் தொடங்குகிற கோடு ஒன்று. மூன்றாவது வகைக் கோட்டை நான் பார்த்ததில்லை. தண்ணீருக்கே இரண்டு குணம்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த வருஷம் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. ஒரு நாள் செய்முறை வகுப்பு தொடங்கும்போது பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். என்னவோ ஒரு விழாவுக்குக் கோலம் போடப் பெண் ஆசிரியர்கள் வேண்டுமாம். அந்த அரட்டையிலிருந்து தப்பித்து நான் திரும்பியபோது பீரியட் முடிந்து, தாள்கள் என் மேஜையில் அடுக்கியிருந்தன. அட்டெண்டர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“கிருஷ்ணாயில் இல்லம்மா. நீங்க வந்து கிளாஸ் இல்லன்னு சொல்ற வரைக்கும் இருக்கட்டும்னு பச்சத் தண்ணியே ஊத்தி வச்சேன். பசங்க பாட்டுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போய்ட்டாங்க.”

தாள்களைப் புரட்டினேன். எண்பது, எழுபத்தாறு, எழுபத்துமூன்று. எண்பத்திரண்டு, எழுபத்தெட்டு, எழுபத்தைந்து. அடுப்பையே பார்க்காத தண்ணீர், மேஜைக்கு மேஜை அழகாக ஆறியிருந்தது. கிராஃப் தாளில் கோடுகள் வழவழவென்று இறங்கின. எனக்கு உச்சந்தலையில் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் வகுப்பில் கேட்டேன். “நேற்று தண்ணீர் சூடாக இருந்ததா?”

“இல்ல மேடம். சில்லுனு இருந்துச்சி.”

“அப்புறம் எண்பது எங்கிருந்து வந்தது?”

நீராவி எஞ்சின்காரன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “இந்த எக்ஸ்பெரிமெண்டுக்கு எண்பதுதான மேடம் ஸ்டார்ட்டிங்கு?”

நான் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்து முன்பெஞ்சுப் பெண் ஒருத்திக்கு மனம் தாங்கவில்லை. திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற வைஷ்ணவக் குடும்பம் அவளுடையது. சின்ன வயதிலிருந்து பாசுரம் கேட்டு வளர்ந்தவள், எதையும் ராகமாகத்தான் சொல்லுவாள். “கோச்சுக்காதீங்கோ மேடம். நீங்க ஏர்றதுக்கு முன்னாடி சீனியர் அக்காமார்லாம் பஸ்ல சொல்லித் தருவா. எண்பத்திரண்டு, எழுபத்தெட்டு, எழுபத்தஞ்சு, எழுபத்தஞ்சு, எழுபது... நாங்க நெட்டுருப் பண்ணிண்டுடுவோம். ரயில்காராளுக்கு வேற.”

“எழுபத்தைந்து ஏன் இரண்டு தடவை?”

“அது தெரியாது மேடம். பாடமே அப்படித்தான்.”

என்றைக்கோ ஒரு அக்கா தடுமாறி ஒரு எண்ணை இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து திருவள்ளூர்ப் பஸ்ஸில் வருகிற வெந்நீர் எல்லாம் நான்காவது நிமிடத்திலிருந்து ஆறாவது நிமிடம் வரை ஆறாமல் நின்றிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கல்வெட்டைக்கூட இவ்வளவு பத்திரமாக யாரும் பாதுகாத்திருக்க மாட்டார்கள். வரலாற்று மாணவர்கள் அல்லவா?

ஆனால் அந்தத் தாள்கட்டில் ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. முப்பது, முப்பது, முப்பது. கடைசி வரைக்கும் முப்பது. கிராஃபில் ஸ்கேல் வைத்துப் படுக்கை வாட்டத்தில் ஒரு கோடு. அதை எழுதியவன் பழவேற்காடு ஏரிப் பக்கத்து மீனவக் குப்பத்துப் பிள்ளை. அவன் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்காருவான். டிபன் பாக்ஸில் கருவாடு இருக்கும் என்பதால் சாப்பாட்டு நேரத்தில் அவனுக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அதற்கும் எனக்குக் கோபம் வரும். ஆனால் அதைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

அவனை எழுப்பினேன். “நீ மட்டும் ஏன் முப்பது எழுதினாய்?”

“முப்பதுதான் மேடம் இருந்துச்சி.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை நாள் கத்திக்கொண்டிருந்தேன். அவனை முன்னால் வரச்சொல்லி, அந்தத் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, விஞ்ஞானம் என்றால் இதுதான் என்று பீரியட் முடியும்வரை முழங்கினேன். அதற்குப் பலன், அன்றிலிருந்து அவனுக்கு ‘முப்பது’ என்று பட்டப்பெயர் விழுந்தது. நடைவழியில் அவன் போனால் “முப்பது போறான் பார்ரா” என்பார்கள்.

வகுப்பு முடிந்து அவன் என்னிடம் வந்தான். “மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. எனக்கு யாரும் ரீடிங் சொல்லல. நான் சைக்கிள்ல வர்றேன்ல.”

எனக்குக் கிடைத்த ஒரே விஞ்ஞானி, கூடப் பேசிக்கொண்டு வர ஆள் இல்லாததால் விஞ்ஞானி ஆனவன். பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன். எந்த வழியாக வந்தால் என்ன, வந்தானே.

உண்மையிலேயே வந்துவிட்டான். இரண்டு நாள் கழித்து, “ஏரித் தண்ணியும் இதே மாதிரிதான் ஆறுமா மேடம்?” என்று கேட்டான். பொது விஞ்ஞானம் எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து, தேர்வுக்கு வராத ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்குத் தெரியாது என்றேன். மறுநாள் சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு பாட்டில் ஏரித் தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். சாயங்காலம் அட்டெண்டரை மிரட்டிக் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கி, இரண்டு பாத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அந்தப் பழைய தெர்மாமீட்டருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. “ஒண்ணும் வரலயே மேடம்.”

“ஒன்றும் வரவில்லை என்று எழுது. அதுவும் விடைதான்.”

எழுதினான். எழுதிவிட்டுச் சிரித்தான். நான் அந்தக் கல்லூரியில் சம்பளத்துக்கு உழைத்த நாள் ஒன்று உண்டென்றால் அது அந்த நாள்தான்.

அப்போதுதான் தன் நிலைமையையும் சொன்னான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புத் தொழிற்சாலை. அங்கே டைம் ஆபீசில், வேலைக்கு வருகிறவர்களின் வருகையைக் குறிக்கிற உதவியாளர் வேலை ஒன்று காலி. அவன் மாமா யாரையோ பிடித்துச் சொல்லி வைத்திருந்தார். பட்டம் இருக்க வேண்டும், ஜூன் மாத ரிசல்டோடு வந்தால் வேலை.

“ஏரியில ஒண்ணும் இல்ல மேடம் இப்ப. இந்த வேல கிடைக்கலன்னா நைனா என்னப் படவுல ஏத்திடுவாரு. ஒரு தடவ ஏறிட்டா அப்பறம் எறங்க முடியாது.”

மற்ற பாடங்களில் அவன் சுமார்தான், ஆனால் தேறிவிடுவான். பொது விஞ்ஞானத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அந்த வகுப்பில் தண்ணீரைத் தண்ணீராகப் பார்க்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தானே.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். வரும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்த மனிதர். மதிப்பெண் போடுவது அவர், கூட நின்று பார்ப்பது நான். அட்டெண்டர் அன்று தவலை தவலையாக வெந்நீர் காய்ச்சி வைத்திருந்தார். தேர்வு என்பதால் அவருக்கு உற்சாகம் வேறு. நான் தடுக்கத் தடுக்க வரிசையாகப் போய் எல்லாப் பாத்திரத்தையும் பாதியில் ஒரு முறை நிரப்பினார்.

ஒருவரும் அசையவில்லை. ரயில்காரர்கள் எண்பது, எழுபத்தாறு என்று எழுதிக்கொண்டே போனார்கள். பஸ்காரர்களின் எழுபத்தைந்து இரண்டு தடவை வந்தது. தெர்மாமீட்டர் என்று ஒன்று பாத்திரத்தில் நிற்பதே யாருக்கும் நினைவில்லை. அவன் மட்டும் குனிந்து குனிந்து பார்த்து எழுதினான். எண்பத்தொன்று, எழுபத்தேழு, எழுபத்துநான்கு, எழுபத்தெட்டு.

பேராசிரியர் அந்தத் தாளைக் கையில் எடுத்தார். “என்னப்பா இது? ஆறுகிற தண்ணி நடுவுல சூடாகுமா?”

“அட்டெண்டர் அண்ணன் வந்து ஊத்தினாரு சார்.”

“ஊத்தினா உனக்கென்ன? எழுபத்துநாலுக்கு அப்புறம் என்ன வரணும்னு யோசிச்சு எழுத வேண்டாமா? எட்டாங்கிளாஸ் பையனுக்குத் தெரியுமே!”

நான் குறுக்கே விழுந்தேன். ஊற்றியது உண்மை, நானே பார்த்தேன், அவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “ஊத்தினது உண்மைன்னா எல்லாப் பாத்திரத்துலயும் ஊத்தியிருக்கார். அப்போ மத்தவா தாள்லாம் பொய்னு ஆகும். மொத்தத் தேர்வையும் ரத்து பண்ணச் சொல்லி எழுதட்டுமா? நீங்களே சொல்லுங்கோ.”

வகுப்பு முழுவதும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ரத்து என்றால் எல்லோருக்கும் பட்டம் தள்ளிப் போகும், அவனுக்கும் சேர்த்துத்தான். பிரின்சிபாலிடம் ஓடினேன். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், “ஆர்ட்ஸ் பசங்களோட வெந்நீருக்காக யுனிவர்சிட்டிக்கு எழுதச் சொல்றீங்களாம்மா?” என்றார். நான் திரும்பி வருவதற்குள் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த மனிதர் ரயிலுக்குப் போயிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தவலையைக் கவிழ்த்திருப்பேன், அதில் தண்ணீர்தான் மிச்சமில்லை.

ஜூனில் ரிசல்ட் வந்தது. வகுப்பில் எல்லோரும் தேறினார்கள், அவனைத் தவிர. செய்முறையில் போய்விட்டது. டைம் ஆபீஸ் வேலை காத்திருக்கவில்லை. அது யாருக்குக் கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். நீராவி எஞ்சின்காரனுக்கு. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் யாருடையதையும் பிடுங்கவில்லை. கோபம் எல்லாம் வேறு எங்கோ இருந்தது, அதை இறக்கி வைக்கத்தான் இடமில்லை.

தோற்றவர்களுக்கு மறுதேர்வு உண்டு. செப்டம்பர் தேர்வு என்று பெயர், நடந்தது அக்டோபர் மழையில். முந்தைய வருஷங்களில் தோற்றவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அவன் கடைசியாக, நனைந்துகொண்டு, ஓடிவந்தான். இளைத்திருந்தான், உள்ளங்கையெல்லாம் காப்புக் காய்த்திருந்தது. சைக்கிளைக் காணோம். வெளித்தேர்வாளர் அதே மனிதர்.

பின்கட்டில் கூரை ஒழுகி அடுப்பு நனைந்துவிட்டது. அட்டெண்டர் என் காதருகே வந்து, பற்றவே இல்லை, பச்சைத் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறேன் என்றார். நான் நேராகப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். இந்தத் தடவையாவது தேர்வைத் தள்ளி வைப்பார், அடுப்பை மூட்டிவிட்டு ஒழுங்காக நடத்தலாம் என்று நம்பினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். “அவா எல்லாம் எழுதிண்டுதானே இருக்கா? விடுங்கோ.”

திரும்பிப் பார்த்தேன். அவனும் எழுதிக்கொண்டிருந்தான். பின்னால் போய் நின்றேன். பாத்திரத்தில் தெர்மாமீட்டர் முப்பதுக்கும் கீழே நின்றது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. கண் சுவரில் இருந்தது, உதடு மட்டும் அசைந்தது. எண்பது. எழுபத்தாறு. எழுபத்துமூன்று. நான் பின்னால் நிற்பது தெரிந்து ஒரு கணம் பேனா நின்றது. பிறகு எழுபது என்று எழுதினான்.

பேராசிரியருக்குத் திருப்தி. “அப்பாடா, இப்பவாவது கத்துண்டானே” என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தேறியதாகக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மழைக்கு ஒதுங்கி அவன் எனக்காக நின்றுகொண்டிருந்தான். அவன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, இப்போது எங்கே வேலை என்று கேட்டேன்.

“அதே கம்பெனிதான் மேடம். லாரியிலருந்து கம்பி எறக்குற வேல. டிகிரி வந்துட்டா உள்ள ஆபீஸ்ல பாக்கலாம்னு சொல்லிக்கினு இருக்காங்க. படவுக்குப் போகாம தப்பிச்சேன். நம்ம கிளாஸ் பையன்தான் டைம் ஆபீஸ்ல எனக்கு டோக்கன் குடுக்கறான். நல்லா பேசறான் மேடம். இப்பல்லாம் பக்கத்துல உக்காந்து சாப்பிடறான்.”

“ரீடிங்கும் அவன்தான் சொல்லிக்கொடுத்தானா?”

“அவன்தான்.” வெட்கப்படுவான் என்று நினைத்தேன். சிரித்தான், ஏரித் தண்ணீர் கொண்டுவந்த நாளில் சிரித்த அதே சிரிப்பு. “நான் கேக்கவே இல்ல மேடம், அவனா சொன்னான். இப்ப நானும் கும்முடிப்பூண்டி வண்டியிலதான வர்றேன்.”

தூரத்தில் ரயில் ஊதியது. வரேன் மேடம் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி ஸ்டேஷனைப் பார்த்து ஓடினான். நான் உள்ளே போனேன். அவன் மேஜையில் தண்ணீர் அப்படியே இருந்தது. பாத்திரம் கொஞ்சம் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு அட்டெண்டர் குவளையோடு வந்துகொண்டிருந்தார்.